செல்போன் வைத்தியமும் பங்குச் சந்தை டிப்ஸும்

(வானொலி விவசாய நிகழ்ச்சியில் வேளாண்மை அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த நேரத்தில் விதை நேர்த்தி, மேலுரம், பயிர் பாதுகாப்பு என்று பேசுவோம். இன்றைக்கு விஷயம் கொஞ்சம் வேறு. ஆனால் வயலை விட்டு வெகுதூரம் போய்விடவில்லை. அறுவடை முடிந்து, நெல்லுக்கோ கரும்புக்கோ வரவேண்டிய பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிற சமயம் இது. இந்தச் சமயம் பார்த்து, செல்போன் வழியாக இரண்டு விதமான ஆட்கள் நம் வீடு தேடி வருகிறார்கள். ஒருவர், "இலையைப் படம் பிடித்து அனுப்புங்க, அரை நிமிஷத்தில் வைத்தியம் சொல்றோம்" என்கிறார். இன்னொருவர், "இந்தக் கம்பெனி பங்கை வாங்கிப் போடுங்க, மூணு மாசத்தில் மூணு மடங்கு" என்கிறார். இரண்டு பேருக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைப்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. இரண்டு பேரையும் ஒரே கேள்வியால் சோதித்துப் பார்க்கலாம். அது என்ன கேள்வி என்று போகப் போகச் சொல்கிறேன்.

இலை ஒன்று, காரணம் பல

முதலில் பயிர் சம்பந்தப்பட்ட ‘ஆப்’ விஷயத்தை எடுத்துக்கொள்வோம். செயலி என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். நம் ஊரில் ஆப் என்றால்தான் புரியும். எல்லா ஆப்பும் மோசம் என்று சொல்ல நான் வரவில்லை. தமிழ்நாடு அரசு 2018இல் தொடங்கிய ‘உழவன்’ செயலியில் மானிய விவரம், சந்தை விலை, வானிலை எல்லாம் பார்க்கலாம். அதனால் பலனடைந்தவர்கள் உண்டு. நான் எச்சரிக்கை செய்வது, ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு மருந்தின் பெயரையும், வாங்க வேண்டிய பொத்தானையும் சேர்த்தே நீட்டுகிறதே, அந்த மாதிரி ஆப்பைப் பற்றித்தான்.

நெற்பயிர் மஞ்சளாகிக் காய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். பாக்டீரியா இலைக்கருகல் நோயாக இருக்கலாம். துத்தநாகச் சத்துக் குறைவாக இருக்கலாம். புகையான் தாக்குதலாகவும் இருக்கலாம். இதில் தழைச்சத்துக் குறைவு என்று ஆப் சொல்லி, நீங்கள் யூரியாவை வீசிவிட்டீர்கள். உண்மையில் இருப்பது இலைக்கருகல் நோய் என்றால் என்ன ஆகும்? யூரியா போடப் போட நோய் அதிகமாகும். மூட்டைக்கு மூட்டை காசு கொடுத்து நோயை வளர்த்த கதைதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. நோய்ப்பட்ட இலையில், பச்சையும் மஞ்சளும் சேர்கிற இடத்தில் ஒரு சிறு துண்டு வெட்டி, சுத்தமான தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் போட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. சிறிது நேரத்தில் வெட்டிய முனையிலிருந்து பால் கசிவது போல் மங்கலாக இறங்கினால் அது பாக்டீரியா நோய். அப்போது மேலுரத்தை நிறுத்தி வைக்க வேண்டும். புதுச் சாணத்தைக் கரைத்து வடிகட்டி, 20 சதவீதக் கரைசலாகத் தெளிக்கலாம். தழைச்சத்துக் குறைவு என்றால் இந்தக் கசிவு வராது. அதில் அடி இலைகள், அதாவது பழைய இலைகள், முதலில் ஒரே சீராக வெளிறும். இந்தச் சோதனைக்கு ஒரு டம்ளர் தண்ணீர்தான் செலவு.

புகையானைப் பாருங்க. அந்தப் பூச்சி பயிரின் அடித்தூரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிறது. மேலே இலையை எத்தனை படம் பிடித்து அனுப்பினாலும் கீழே உள்ள பூச்சி அந்தப் படத்தில் தெரியாது. குனிந்து, பயிரை விலக்கி, தூரைத் தட்டிப் பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் தெரியும். தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவைத் தாண்டினால்தான் மருந்தைப் பற்றியே யோசிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம். சிலந்தி நமக்காகக் கூலி வாங்காமல் வேலை செய்கிற ஆள். அதற்கு முன்னால் வயல் தண்ணீரை வடிக்க வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல், அவசரப்பட்டு செயற்கை பைரித்ராய்டு வகை மருந்தைத் தெளித்தால், சிலந்தி செத்துப்போய், புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். அரை நிமிஷ வைத்தியம் அரை போகத்தைத் தின்றுவிடும்.

கூலி கொடுப்பது யார்?

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். "எனக்கு யோசனை சொல்கிற இந்த ஆளுக்குக் கூலி கொடுப்பது யார்?" இவ்வளவுதான் கேள்வி.

ஓர் ஆப்பைச் செய்ய ஆள் வேண்டும், இயந்திரம் வேண்டும், மாதா மாதம் செலவு இருக்கிறது. நம்மிடம் காசு வாங்காமல் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்றால், அந்தச் செலவை வேறு யாரோ ஏற்கிறார்கள். அரசாங்கம் ஏற்றால் அது நம் வரிப்பணம். மருந்து விற்கிறவர் ஏற்றால் அவருடைய மருந்து விற்றாக வேண்டும். "உங்கள் பயிருக்கு ஒன்றும் இல்லை, தண்ணீரை வடித்தால் போதும்" என்று சொல்வதால் அவருக்கு என்ன வருமானம்? சிலபேர் நம் நிலத்தின் அளவு, பயிர், போன் நம்பர் எல்லாவற்றையும் சேர்த்து மற்றவர்களுக்கு விற்றுக் காசு பார்க்கிறார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசும் தரகரை நாம் பார்த்திருக்கிறோம். அவர் பொல்லாதவர் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் மாட்டைப் புகழும்போது, விற்கிறவன் அவருக்கு என்ன கொடுக்கிறான் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டுதான் கேட்போம். அந்தப் புத்தி செல்போனைக் கையில் எடுத்ததும் மறந்துவிடக் கூடாது.

இது நமக்கு முற்றிலும் புதிதும் அல்ல. ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பு என்று கிளம்பியது ஞாபகம் இருக்கும். பணத்தைக் கட்டினால் குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதா மாதம் பராமரிப்புப் பணமும் தருகிறோம் என்றார்கள். சினிமா நடிகர்கள் தொலைக்காட்சியில் வந்து சிபாரிசு செய்தார்கள். 2012இல் எல்லாம் சரிந்தது. பணம் கட்டியவர்கள் போலீஸ் நிலைய வாசலில் நின்றார்கள். பசியால் வாடிய பறவைகளுக்குக் கால்நடைத் துறை தீவனம் போட வேண்டி வந்தது. விளம்பரத்தில் சிரித்தவர் பேசியதற்குக் கூலி வாங்கிக்கொண்டு போனார். ஈமு முட்டையையும் கறியையும் யார் வாங்குவார்கள், எந்த ஊரில் சந்தை இருக்கிறது என்ற கேள்வியை ஆரம்பத்திலேயே கேட்டவர்கள் தப்பித்தார்கள்.

பங்கு என்றால் என்ன?

இப்போது இரண்டாவது ஆள், பங்குச் சந்தைக்காரர். பங்கு வாங்குவது பாவம் இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு கிணறு வெட்டினால் அதில் ஆளுக்குக் கால் பங்கு இருக்கிற மாதிரி, ஒரு கம்பெனியில் ஒரு சிறு பாகம் நமக்குச் சொந்தம். அதுதான் பங்கு. கிணற்றில் ஊற்று நன்றாக இருந்தால் பங்குக்கு மதிப்பு. ஊற்றே இல்லாத கிணற்றின் பங்கை, "அடுத்த மாசம் தண்ணி பொங்கப் போகுது" என்று வதந்தி கிளப்பி விற்றால்? அதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

பழைய மாட்டுச் சந்தைத் தந்திரம் ஒன்று கேட்டிருப்பீர்கள். ஒரே கூட்டத்தைச் சேர்ந்த நாலு பேர், ஒரு நோஞ்சான் மாட்டைத் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றி வாங்குவார்கள். முதல் வாரம் பத்தாயிரம், அடுத்த வாரம் பதினைந்தாயிரம், அதற்கடுத்த வாரம் இருபதாயிரம். பார்க்கிறவனுக்கு, "அடேயப்பா, ஏறிக்கொண்டே போகிறதே, ஏதோ விசேஷம் இருக்கிறது" என்று தோன்றும். வெளியூர்க்காரர் ஒருவர் இருபத்தைந்தாயிரம் கொடுத்து ஓட்டிக்கொண்டு போவார். மறு வாரம் அந்த மாட்டை விற்க வந்தால் கேட்க ஆள் இருக்காது.

பங்குச் சந்தையிலும் இதே கதைதான். விலை குறைவான, அதிகம் பேருக்குத் தெரியாத கம்பெனியின் பங்கை ஒரு கூட்டம் முதலில் வாங்கிச் சேர்த்துக்கொள்ளும். தங்களுக்குள் வாங்கி விற்று விலையை ஏற்றும். பிறகு காசு கொடுத்து வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் யூடியூபிலும் புகழச் சொல்லும். நாம் ஓடிப் போய் வாங்குவோம். நாம் வாங்குகிற ஒவ்வொரு பங்கையும் அவர்கள்தான் விற்றுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் விற்று முடித்ததும் விலை விழும். பங்குச் சந்தையில் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் விலை இறங்கக் கூடாது என்று வரம்பு உண்டு. வரம்பைத் தொட்டு நிற்கிற நாளில் விற்க வேண்டும் என்று நீங்கள் கையைத் தூக்கினாலும் வாங்க ஆள் இல்லாமல் நிற்பீர்கள். அடுத்த நாளும் அப்படியே. கண் முன்னால் பணம் கரையும், கையால் தடுக்க முடியாது.

நடந்த கதை ஒன்று

பேருக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். சாத்னா பிராட்காஸ்ட் என்ற கம்பெனியின் பங்கைப் பற்றி 2022 ஜூலையில் யூடியூபில் சில வீடியோக்கள் வந்தன. பெரிய தொழில் குழுமம் ஒன்று இந்தக் கம்பெனியை வாங்கப் போகிறது, பக்திப் படங்கள் எடுக்க அமெரிக்கக் கம்பெனி ஒன்றோடு 1,100 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆகியிருக்கிறது என்றெல்லாம் அதில் சொன்னார்கள். அத்தனையும் பொய். இந்த வீடியோக்கள் நிறையப் பேர் கண்ணில் படும்படி காசு கொடுத்து விளம்பரமும் செய்தார்கள். அதற்கு முன் அந்தக் கம்பெனியில் சுமார் 2,000 சில்லறைப் பங்குதாரர்கள்தான் இருந்தார்கள். சில மாதங்களில் அது 55,000ஐத் தாண்டியது. இவர்கள் வாங்க வாங்க, உள்ளே இருந்தவர்கள் உயர்ந்த விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற ‘செபி’ என்ற அமைப்பு 1992 முதல் சட்டப்படியான அதிகாரத்தோடு இயங்கி வருகிறது. அது விசாரித்து 2023 மார்ச்சில் இடைக்காலத் தடை போட்டது. இறுதி உத்தரவு 2025 மே மாதம் வந்தது. தடையும் அபராதமும் விதித்து, அநியாய லாபத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னது. வீடியோ வந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ மூன்று வருஷம். கண்காணிப்பு இருக்கிறது, தண்டனையும் இருக்கிறது. ஆனால் களவு போன பிறகு வருகிற காவல் அது. நம் களத்து நெல்லுக்கு முதல் காவல் நாம்தான்.

மென்பொருள் மாயம்

ஆப்பும் பங்கும் கைகோர்த்துக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. "எல்லாவற்றையும் ஒரே நொடியில் சரிசெய்கிற மென்பொருள் எங்களிடம் இருக்கிறது" என்று ஒரு கம்பெனி அறிவிக்கும். அதைச் சொல்லியே அதன் பங்கை விலை ஏற்றுவார்கள்.

2000ஆம் ஆண்டு பிறக்கும் முன்பு இப்படி நடந்தது. பழைய கம்ப்யூட்டர்களில் வருஷத்தைக் குறிக்கக் கடைசி இரண்டு எண்ணை மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். 75 என்றால் 1975. அப்படியானால் 00 வந்தால் அது 2000மா, 1900மா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. உலகம் முழுவதும் கவலை வந்தது. உடனே, "எங்கள் மென்பொருளைப் போட்டால் தானாகவே சரியாகிவிடும்" என்று சிலர் கிளம்பினார்கள். அமெரிக்காவில் அப்படிச் சொன்ன சில கம்பெனிகளின் பங்கு விலை விர்ரென்று ஏறி, பிறகு இறங்கியது. வேலை எப்படி முடிந்தது தெரியுமா? ஆட்கள் உட்கார்ந்து, வரி வரியாகப் படித்து, திருத்தி, சோதித்துப் பார்த்துத்தான் முடித்தார்கள். அதில் நம் நாட்டுப் பிள்ளைகளின் உழைப்பும் நிறைய. களை எடுப்பது மாதிரி வேலை. மந்திரத்தால் களை போகாது.

அதே காலத்தில், 1998 அக்டோபரில், அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் ஒரே வீச்சில் 44 பேர் மீதும் நிறுவனங்கள் மீதும் நடவடிக்கை எடுத்தது. காசு வாங்கிக்கொண்டு, அதை மறைத்து, இன்டர்நெட்டில் பங்குகளைப் புகழ்ந்தார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அந்த நாட்டில் 1933ஆம் வருஷச் சட்டத்திலேயே, கூலி வாங்கிப் பங்கைப் புகழ்கிறவன் அந்தக் கூலியைச் சொல்லியாக வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் சொன்ன கேள்வியைத்தான் சட்டமும் கேட்கிறது பாருங்க.

இப்போது நம் ஊரில் சுற்றுவது ‘ரோபோ’ மென்பொருள். "இதை வாங்கிப் போடுங்க, நீங்க வயலில் இருக்கும்போதே அது தானா பங்கு வாங்கி வித்து தினம் லாபம் தரும்" என்கிறார்கள். இவ்வளவு லாபம் வரும் என்று அறிவிக்கிற இந்த மாதிரி அமைப்புகளோடு தரகு நிறுவனங்கள் கூட்டுச் சேரக் கூடாது என்று 2022 செப்டம்பரிலேயே செபி உத்தரவு போட்டிருக்கிறது. தினமும் லாபம் தருகிற இயந்திரம் கையில் இருப்பவன், அதை ஐயாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நமக்கு ஏன் விற்க வேண்டும்? பால் கறக்கிற பசுவை யாராவது தெருத் தெருவாகக் கூவி விற்பார்களா?

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். ‘எஃப் அண்டு ஓ’ என்று ஒரு வியாபாரம். பொருளை வாங்காமல், விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடுவது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருஷத்தில் இதில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அவர்களில் 100க்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள் என்றும், நஷ்டம் ஆளுக்குச் சராசரி சுமார் இரண்டு லட்சம் என்றும் செபி 2024இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மானாவாரியில் விதைக்கிறோம், மழையை நம்புகிறோம். ஆனால் 100க்கு 93 வருஷம் பொய்க்கும் என்று தெரிந்த நிலத்தில் யாராவது விதைப்பார்களா?

போலி ஆப்புகள்

இதைவிட மோசம், பங்குச் சந்தையோடு சம்பந்தமே இல்லாத போலி ஆப். பத்தாயிரம் போட்டால் திரையில் பதினைந்தாயிரம் என்று காட்டும். நம்பிக்கை வர, முதலில் ஓர் ஆயிரம் இரண்டாயிரத்தை எடுக்கவும் விடுவார்கள். நகையை அடகு வைத்துப் பெரிய தொகை போட்ட பிறகு, "எடுக்க வேண்டுமானால் வரி கட்டுங்க" என்று மேலும் கேட்பார்கள். திரையில் தெரிவது வெறும் எண். தண்ணீரில் தெரிகிற நிலாவை வாளியில் மொண்டுகொண்டு வர முடியுமா? ஆப்பசைத்த குரங்கு கதை சின்ன வயசில் கேட்டிருக்கிறோம். ஆப்பு என்ற பெயரே எச்சரிக்கை என்று வைத்துக்கொள்ளுங்க.

என்ன செய்யலாம்?

சரி, என்னதான் செய்யறது என்று கேட்பீர்கள். சில யோசனைகள்:

பயிர் விஷயத்தில், ஆப் சொன்னதை முதல் வார்த்தையாக எடுத்துக்கொள்ளுங்க, கடைசி வார்த்தையாக வேண்டாம். வயலில் இறங்கித் தூரையும் வேரையும் பாருங்க. பாதித்த செடியை வேரோடு பிடுங்கி, பக்கத்து வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டு போங்க. உழவர் அழைப்பு மையத்துக்கு 1800 180 1551 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மண் பரிசோதனை செய்து வைத்துக்கொண்டால் பாதிச் சந்தேகம் அப்போதே தீரும்.

பண விஷயத்தில், பங்கு யோசனை சொல்கிறவர் செபியில் பதிவு பெற்றவரா என்று கேளுங்க. முதலீட்டு ஆலோசகருக்கு ‘ஐஎன்ஏ’ என்றும், ஆய்வாளருக்கு ‘ஐஎன்எச்’ என்றும் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அந்த எண் உண்மையா என்று செபியின் இலவச எண் 1800 22 7575இல் விசாரிக்கலாம். பதிவு பெற்றவரானாலும் நிச்சய லாபம் என்று வாக்குக் கொடுக்க அவருக்கு அனுமதி இல்லை. "நிச்சயம்" என்ற சொல் வந்தால் அங்கேயே போனை வைத்துவிடுங்க.

முன்பின் தெரியாதவர் நம்மை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, அதில் பத்துப் பேர் "எனக்கு லாபம், எனக்கு லாபம்" என்று எழுதினால், மாட்டை மாற்றி மாற்றி வாங்கிய அந்த நாலு பேரை நினைத்துக்கொள்ளுங்க.

அடுத்த போகத்துக்கான விதை, உரம், ஆள்கூலி, பிள்ளைகளின் படிப்புச் செலவு, வீட்டுக்கு வேண்டிய நெல், இவற்றை முதலில் தனியாக எடுத்து வையுங்க. விதைநெல்லைக் குத்திச் சாப்பிடாத குடும்பம் நம் குடும்பம். அந்தப் பணத்தைச் சந்தையில் வைக்கக் கூடாது. கடன் வாங்கியோ நகையை வைத்தோ பங்கு வாங்கவே கூடாது. இருக்கிற பழைய கடனை அடைத்தால் வட்டி மிச்சம். அந்த லாபத்துக்கு எந்த டிப்ஸும் தேவை இல்லை.

ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மூடி வைக்க வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்க. பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. மணிக்கணக்கில் தாமதித்தால் கஷ்டம். நம் பிள்ளைகள் யாராவது இதில் மாட்டிக்கொண்டால், திட்டுவதற்கு முன்னால் இந்த எண்ணுக்குப் பேசச் சொல்லுங்க. பயந்துகொண்டு மறைக்கிற பிள்ளைதான் விட்டதைப் பிடிக்க இன்னும் கடன் வாங்கும்.

பெருமக்களே, புதுமை வேண்டாம் என்று சொல்கிறவன் நான் அல்ல. புது விதையை ஒரேயடியாகப் பத்து ஏக்கரிலும் விதைக்காமல், முதலில் பத்து சென்ட்டில் போட்டுப் பார்த்து, விளைந்தால் அடுத்த வருஷம் கூட்டுகிற பழக்கம் நமக்கு உண்டு. செல்போனில் வருகிற எந்த யோசனைக்கும் அந்தப் பத்து சென்ட் சோதனை வேண்டும். அதற்கும் முன்னால், கூலி கொடுப்பது யார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க. கேட்பதற்குக் காசு இல்லை.

அடுத்த வாரம் கோடை உழவைப் பற்றிப் பேசலாம்.